வாடகைக் கார்க் கிளையில் எம் பிள்ளைகள்: மன உளைச்சலைக் குறைத்து முன்னேறுவது எங்ஙனம்?

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் இந்நாட்டில் செய்யாத தொழில் இல்லை எனலாம். தொழிற்சாலையின் இரவு வேலை, உணவகத்துச் சமையலறை, கட்டடத் துப்புரவு, பத்திரிகை விநியோகம் என்று தொடங்கிய பயணம் இரண்டாம் தலைமுறையில் பல்வேறு அலுவலகங்களுக்குள் நுழைந்திருக்கின்றது. பட்டப்படிப்பை முடித்த எம் பிள்ளைகள் ஏறும் முதற்படிகளுள் ஒன்று வாடகைக் கார் நிறுவனத்தின் கிளை அலுவலகமாகும். கழுத்துப்பட்டி அணிந்து காலையில் புறப்படும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் பெருமிதம் கொள்கின்றனர். மாலையில் அதே பிள்ளை எவருடனும் பேசாது அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும்போது காரணம் விளங்காது திகைக்கின்றனர். அக்காரணத்தை எடுத்துரைப்பதும், அச்சுமையைக் குறைத்துத் தொழிலில் உயரும் வழிகளைச் சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மல்வேர்னில் கார் என்பது ஆடம்பரமன்று

மல்வேர்ன், 1950களில் அரசாங்கம் வீடமைப்புக்கெனப் பெற்றுக்கொண்ட விவசாய நிலத்தில், 1970களில் குடியேற்றம் தொடங்கிய பகுதியாகும். ரொறன்ரோவின் வடகிழக்கு எல்லையில் அமைந்த இப்பகுதிக்கு ரயில் பாதை இன்றுவரை வந்து சேரவில்லை. 1985இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ இலகு ரயிலை மல்வேர்ன் வரை நீட்டும் திட்டங்கள் காகிதத்தோடு நின்றுபோயின. அந்த ரயிலும் 2023 ஜூலை 24ஆம் திகதி தடம்புரண்டபின் மீண்டும் ஓடவேயில்லை. எனவே பஸ் வண்டியும் சொந்தக் காருமே இங்கு வாழ்வோருக்குக் கால்களாக உள்ளன.

விபத்தில் கார் நொறுங்கி கராஜில் நிற்கும்போது ஒரு குடும்பத்தின் நாளாந்த வாழ்வே முடங்கிவிடுகின்றது. தந்தை இரவு வேலைக்குச் செல்லவேண்டும். பாட்டியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். இந்நிலையில் கலங்கிய மனத்தோடு ஒருவர் வாடகைக் கார்க் கிளைக்குள் நுழைகின்றார். அவரை எதிர்கொள்பவர் எம் பிள்ளை. விமான நிலையத்தில் கார் எடுப்பவர் விடுமுறை மகிழ்ச்சியில் வரலாம். அயற்கிளைக்கு வருபவரோ பெரும்பாலும் இழப்பொன்றைச் சுமந்துகொண்டே வருகின்றார். அவரது சினம் தன்மீது எழுந்ததன்று என்பதை உணர்வதே மன அமைதிக்கு முதற்படியாகும்.

தொழிலின் தன்மை

இத்தொழில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1918இல் சிக்காகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்பவர் ஒரு டசின் ஃபோர்ட் கார்களுடன் தொடங்கிய வணிகமே பின்னர் ஹேர்ட்ஸ் ஆயிற்று. 1946இல் வொறன் ஏவிஸ் விமான நிலையத்திலேயே காரை வாடகைக்கு விடும் முறையைத் தொடங்கினார். 1957இல் சென்ற் லூயிஸ் நகரில் ஜாக் டெய்லர் ஆரம்பித்த நிறுவனமே இன்று வட அமெரிக்காவில் மிகப் பெரிதாக விளங்கும் என்ரபிரைஸ் ஆகும். அது 1993இல் கனடாவுக்குள் வந்தது. விமான நிலையத்தை விடுத்து மக்கள் வாழும் பகுதிகளில் சிறு கிளைகளை அமைத்தல், காப்புறுதிக் கம்பனிகளோடும் கராஜ்களோடும் உறவு பேணல், பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்து உள்ளிருந்தே பதவி உயர்த்தல் என்பன அதன் வழிமுறைகளாயின.

வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டுக் கிளைகளுக்குப் புள்ளியிடும் முறையையும் அந்நிறுவனம் கைக்கொண்டது. 'முற்றிலும் திருப்தி' என்று கூறுவோர் மாத்திரமே கணக்கில் எடுக்கப்படுவர். 'ஓரளவு திருப்தி' என்பது பயன்படாது. கிளையின் புள்ளி சராசரிக்குக் கீழிருப்பின் பதவி உயர்வு தடைப்படும். பரீட்சையில் பிள்ளைகள் பெறும் புள்ளிகளை நாம் அறிவோம். ஆனால் முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் கூறும் ஒரு சொல்லால் புள்ளி பெறுவதென்பது வேறுவகைச் சோதனையாகும்.

இவற்றோடு வேறு சுமைகளும் சேர்கின்றன. வெள்ளி மாலை பத்து முற்பதிவுகள் இருக்கும். திரும்பி வந்த கார்கள் ஏழாகவே இருக்கும். கருமபீடத்தில் வரிசை நிற்க, தொலைபேசி ஓயாது ஒலிக்க, கடுங்குளிரில் வெளியே சென்று கார் கழுவவேண்டும். வாடிக்கையாளரை வீட்டிலிருந்து ஏற்றிவரவேண்டும். சேதப் பொறுப்பு விலக்கு போன்ற மேலதிக சேவைகளையும் விற்கவேண்டும்.

அறிஞர் கூறுவது

'ஸ்ரெஸ்' என்று இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் சொல்லை மருத்துவ உலகில் நிலைநாட்டியவர் மொன்றியலில் வாழ்ந்து ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே ஆவார். 1936இல் அவர் வெளியிட்ட சிறு குறிப்பே இத்துறைக்கு வித்திட்டது. அழுத்தம் யாவும் தீயதன்று. நீடித்து ஓய்வின்றித் தொடரும் அழுத்தமே உடலைச் சிதைக்கும் என்பது அவரது ஆய்வுகளின் சாரம். 1979இல் றொபேர்ட் கராசெக் மற்றுமோர் உண்மையை எடுத்துக்காட்டினார். வேலை மிகுதியாக இருப்பது மட்டும் ஒருவரை நோயாளியாக்குவதில்லை. வேலை மிகுந்திருக்க, அதனைத் தன் விருப்பப்படி ஒழுங்குசெய்யும் அதிகாரம் குறைந்திருப்பதே பெருங்கேடு. 1983இல் ஆர்லி ஹொக்ஷில்ட் என்னும் சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உள்ளே ஒன்றும் முகத்தில் வேறொன்றுமாக நாள் முழுவதும் புன்னகைப்பதும் உழைப்பே என்று நிறுவினார்.

இம்மூன்றும் கருமபீடத்தில் நிற்கும் எம் பிள்ளைக்குப் பொருந்தும். வேலையின் அளவை அவரால் குறைக்கமுடியாது. ஆனால் தன் கைக்குள் உள்ளவற்றைப் பெருக்கிக்கொள்ள முடியும். அதற்கான வழிகள் சில.

கைக்குள் உள்ளவை

முதலாவது, காலைப் பதினைந்து நிமிடம். கதவு திறப்பதற்கு முன் அன்று வரவேண்டிய கார்களையும் செல்லவேண்டிய கார்களையும் ஒரு தாளில் எழுதுக. திரும்பவேண்டியவர்களுக்குக் காலையிலேயே தொலைபேசி எடுக்குக. கார் போதாதென்று காலை ஒன்பது மணிக்குத் தெரிந்தால் அயற்கிளையில் கேட்டுப் பெறலாம். மாலை ஐந்து மணிக்குத் தெரிந்தால் வசைதான் பெறலாம்.

இரண்டாவது, கெட்ட செய்தியை முந்திக்கொண்டு கூறுதல். கேட்ட கார் இல்லையெனின், வாடிக்கையாளர் வந்து சேருமுன் அவருக்கு அறிவித்து, உள்ள வழியைக் கூறுக. கடன் அட்டையில் பிடித்துவைக்கப்படும் பிணைப்பணம் எவ்வளவு என்பதையும் முற்பதிவின்போதே சொல்லிவிடுக.

மூன்றாவது, காரைச் சுற்றி இருவரும் நடத்தல். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் வாடிக்கையாளரோடு சேர்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, கீறல், நெளிவு, எரிபொருள் அளவு யாவற்றையும் குறித்து நிழற்படம் எடுத்துக்கொள்க. 1997இல் திறக்கப்பட்ட 407ஆம் நெடுஞ்சாலையில் கமெரா இலக்கத்தகட்டைப் படித்துக் கட்டணத்தை வாகன உரிமையாளருக்கே அனுப்பும். நிறுவனம் அதனைப் பின்னர் வாடிக்கையாளரிடம் அறவிடும். இதனை முன்கூட்டிக் கூறாதபடியால் எழும் சண்டைகள் பல. ஐந்து நிமிட நடை ஐந்து நாள் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

நான்காவது, சினந்தவரை எதிர்கொள்ளும் முறை. அவர் சொல்லி முடிக்கும்வரை இடைமறியாதிருத்தல். கேட்டதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிக் கூறல். செய்யமுடிந்ததை நேரத்தோடு சொல்லல். புதிய செய்தி இல்லாவிடினும் சொன்ன நேரத்தில் தொலைபேசி எடுத்தல். வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். கருமபீடத்திற்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். எல்லை மீறி ஏசுபவரிடம் பணிந்து நிற்கவேண்டிய கடமை இல்லை. முகாமையாளரை அழைத்துவிட்டு ஒதுங்குவது கோழைத்தனமாகாது.

ஐந்தாவது, உண்மை கூறி விற்றல். ஒன்ராறியோவில் ஒருவரது சொந்தக் காப்புறுதியில் ஓ.பி.சி.எஃப். 27 என்னும் இணைப்பு இருப்பின், வாடகைக் காருக்கு ஏற்படும் சேதத்தை அது குறித்த வரம்புவரை ஈடுசெய்யும். ஓ.பி.சி.எஃப். 20 என்னும் இணைப்பு, விபத்தின்பின் மாற்றுக் காருக்கான செலவைத் தரும். சில கடன் அட்டைகளும் பாதுகாப்பு அளிக்கின்றன. இவை உண்டா என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, ஐயமிருப்பின் தம் காப்புறுதி முகவரோடு பேசச் சொல்லி, இல்லாதவருக்குச் சேதப் பொறுப்பு விலக்கின் பயனை விளக்குக. அச்சுறுத்தி விற்பவர் அன்று ஒரு விற்பனையைப் பெறுவார். உண்மை கூறுபவர் மீண்டும் வரும் வாடிக்கையாளரைப் பெறுவார். இரவில் நிம்மதியான உறக்கத்தையும் பெறுவார்.

எம்மவர் தரும் அழுத்தம்

வேறு எவரும் எழுதாத ஒன்றை நாமே எழுதவேண்டியுள்ளது. தமிழ்ப் பிள்ளை ஒன்று கிளையில் நிற்பதறிந்தால் உறவினரும் ஊரவரும் தேடி வருகின்றனர். "தம்பி, என்னட்டைக் கடன் அட்டை இல்லை. உன்ரை பேரிலை ஒரு கார் எடுத்துத் தா. கலியாணம் முடிஞ்சதும் கொண்டந்து விடுறன்" என்கின்றனர். மறுத்தால் "பெரிய உத்தியோகம் எண்டு தலைக்கனம்" என்ற பேச்சு எழுகின்றது.

இதன் விளைவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிடப்படாத ஒருவர் காரை ஓட்டி விபத்து நேர்ந்தால், பொறுப்பு விலக்கு செல்லாது போகலாம். கையொப்பமிட்ட பிள்ளையின் தலையிலே முழுக்கடனும் விழலாம், வேலையும் பறிபோகலாம். ஆகவே பிள்ளைகள், "அண்ணை, உங்கடை பேரிலை எடுக்க என்ன வழி இருக்கெண்டு பார்த்துச் சொல்லுறன், என்ரை பேரிலை எடுக்க ஏலாது" என்று மரியாதை குன்றாமல் மறுக்கப் பழகவேண்டும். பெரியோர் அம்மறுப்பை அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

சட்டம் தரும் காப்பு

அகதியாக வந்த தலைமுறை, வேலை போய்விடுமோ என்றஞ்சி எதனையும் கேட்காது பழகிவிட்டது. அவ்வச்சத்தைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவேண்டியதில்லை. ஒன்ராறியோவின் 2000ஆம் ஆண்டு வேலைநியமச் சட்டப்படி, பெரும்பாலான ஊழியருக்கு வாரத்தில் 44 மணித்தியாலத்திற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்திற்கு மேற்படாமல் 30 நிமிட உணவு இடைவேளை அளிக்கப்படல் வேண்டும். முகாமைப் பணி புரிவோருக்கு மேலதிக நேர ஊதிய விதி பொருந்தாது. ஆயினும் பெயரில் 'முகாமைத்துவப் பயிலுநர்' என்றிருப்பதால் மட்டும் ஒருவர் முகாமையாளர் ஆகிவிடார். உண்மையில் செய்யும் வேலையே அதனைத் தீர்மானிக்கும்.

வேலையின்போது தவறுதலாக நிறுவனத்தின் காரில் கீறல் விழுந்தால், அதனைக் காரணங்காட்டிச் சம்பளத்தில் கழிக்க இச்சட்டம் இடமளிப்பதில்லை. உரிய ஊதியம் கிடைக்காதவர் இரண்டு ஆண்டுகளுக்குள் தொழில் அமைச்சிடம் கட்டணமின்றி முறையிடலாம். வேலைத்தல வன்முறை, துன்புறுத்தல் பற்றிய விதிகள் 2010 ஜூன் 15 முதல் நடைமுறையிலுள்ளன. வாடிக்கையாளர் தரும் துன்புறுத்தலும் இவற்றுள் அடங்கும். வேலை செய்த மணித்தியாலங்களை நாள்தோறும் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது நன்று.

உயரும் வழி

உள்ளிருந்தே பதவி உயர்த்தும் வழக்கமுள்ள தொழிலில் உழைப்பு ஒன்றே போதாது, கற்றலும் வேண்டும். கிளையில் மொத்தம் எத்தனை கார்கள், அவற்றுள் வாடகையில் எத்தனை, பழுதில் எத்தனை, சும்மா நிற்பன எத்தனை என்ற கணக்கை அறிந்தவர் முகாமையாளரின் கண்ணால் கிளையைப் பார்க்கத் தொடங்குகின்றார். கராஜ்காரரோடும் காப்புறுதி அலுவலரோடும் பேசும் பொறுப்பைத் தாமாக ஏற்பவர் கிளைக்கு இன்றியமையாதவராகின்றார். தமிழ் அறிந்திருப்பதும் ஸ்காபரோவில் ஒரு மூலதனமே. ஆங்கிலம் தடுமாறும் முதியவருக்கு ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கும் பிள்ளையால் கிளைக்கு வாடிக்கையாளர் பெருகுவர். ஆறு மாதத்திற்கொருமுறை முகாமையாளரிடம், "அடுத்த படிக்கு நான் எதில் தேறவேண்டும்?" என்று நேரிற் கேட்க வெட்கப்படலாகாது.

அப்படியும் உடலும் மனமும் ஒவ்வாவிடின், அங்கு கற்றவை வீண்போகா. காப்புறுதி இழப்பீட்டுத் துறையிலும், வாகன விற்பனையிலும், வங்கியிலும் இதே திறன்களே வேண்டப்படுகின்றன. வேறு வேலை தேடிக்கொண்டு விலகுவது தோல்வியன்று.

பெற்றோருக்கு ஒரு சொல்

"பட்டம் பெற்றது கார் கழுவவா?" என்ற ஒரு வினா, பத்து வாடிக்கையாளரின் ஏச்சிலும் கூரியது. அதனைத் தவிர்ப்போம். வேலை முடிந்து வரும் பிள்ளைக்கு உணவும் அரைமணி நேர அமைதியும் கொடுத்தபின் வீட்டுக்கடன், ஊருக்கு அனுப்பும் பணம் முதலியவற்றைப் பேசுவோம். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, ஓயாத எரிச்சல் என்பன வாரக்கணக்கில் நீடிப்பின் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். மல்வேர்னில் தாய்பு சமூக சுகாதார நிலையமும் மல்வேர்ன் குடும்ப வள நிலையமும் உள்ளன. 211 என்ற இலக்கத்தில் உள்ளூர்ச் சேவைகளின் விபரம் பெறலாம். வாழ்வில் வெறுப்புற்ற நிலையில் 988 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மனநோய் பற்றிய வெட்கத்தை நாம் ஊரிலேயே விட்டு வந்திருக்கவேண்டும், இனியேனும் விட்டுவிடுவோம்.

அடுத்த முறை கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கச் செல்லும்போது, கருமபீடத்தின் மறுபுறத்தில் நிற்பது யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை என்பதை மனத்திற் கொள்வோமாக. சேவை நன்றெனின், கருத்துக் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பிற்கு 'முற்றிலும் திருப்தி' என்று பதிலளிக்க ஒரு நிமிடமே போதும். அவ்வொரு நிமிடம் ஓர் இளைஞனின் உயர்வுக்குப் படிக்கல்லாக அமையக்கூடும்.