குறைந்தபட்ச மதிப்பெண்ணும் தமிழ்வழிப் பிள்ளைகளும்

கேரளத்தில் பிள்ளைகளைத் தமிழ்வழியில் படிக்க வைக்கும் நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுந்துள்ளது. "இனி எட்டாம் வகுப்பிலேயே ஃபெயில் போட்டுவிடுவார்களாமே! இப்போதே இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிடலாமா?" என்பதே அது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய சித்தூர் வட்டத்து ஊர்களிலும், தேவிகுளம், மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் உள்ள பெற்றோருக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. பள்ளியை மாற்றுவது பிள்ளையின் வாழ்க்கைப் பாதையையே மாற்றுவதாகும். எனவே விதி என்ன சொல்கிறது, நம் பிள்ளைகளுக்கு அதனால் எங்கே சிக்கல் வரும், நாம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

விதி என்ன?

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண் என்றால், எழுத்துத் தேர்வுக்கு 80, ஆண்டு முழுவதும் நடக்கும் தொடர் மதிப்பீட்டுக்கு 20. 50 மதிப்பெண் பாடங்களில் இது 40, 10 என அமையும். இரண்டையும் கூட்டி 30 சதவிகிதம் வந்தால் மேற்படிப்புக்குத் தகுதி என்பதே இருந்துவந்த முறை. தொடர் மதிப்பீட்டில் 20-க்கு 20 பெற்ற மாணவருக்கு எழுத்துத் தேர்வில் 80-க்கு 10 கிடைத்தாலே போதும் என்ற நிலை இதனால் ஏற்பட்டது.

இதை மாற்றவே 2024 ஆகஸ்டில் கேரள அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 சதவிகிதம், அதாவது 80-க்கு 24, 40-க்கு 12 பெற வேண்டும். 2024-25-இல் எட்டாம் வகுப்பு, 2025-26-இல் ஒன்பதாம் வகுப்பு, 2026-27-இல் பத்தாம் வகுப்பு எனப் படிப்படியாக நடைமுறைப்படுத்துவது திட்டம். முதல் ஆண்டில் எட்டாம் வகுப்பில் பின்தங்கியோருக்கு 2025 ஏப்ரலில் கூடுதல் வகுப்புகளும் மறுதேர்வும் நடத்தப்பட்டன. ஆக, விதியின் நோக்கமாகச் சொல்லப்படுவது பின்தங்கியவருக்கு மீண்டும் கற்பிப்பதே. பள்ளியை விட்டு அனுப்புவதன்று.

இரு தரப்பு வாதங்கள்

தரம் உயர வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி ஆகாது. எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தோட்டத் தொழிலாளி, விவசாயக் கூலி, பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகளே முதலில் பின்தங்குவார்கள். பள்ளியின் குறைக்குப் பிள்ளை தண்டனை பெறக்கூடாது என்பது அவர்கள் வாதம்.

தமிழ்வழிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த இரண்டு வாதங்களிலும் விடுபட்டுப்போகும் ஒன்று இருக்கிறது. அதுதான் மொழி.

நம் பிள்ளைகளின் தனிச் சிக்கல்

அறிவியல் தேர்வில் ஒரு மாணவி 40-க்கு 9 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு அறிவியல் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா? தமிழ்ப் பாடப்புத்தகத்தில் படித்து, தமிழ் தெரிந்த ஆசிரியரிடம் கற்று, தமிழ் வினாத்தாளுக்கு விடை எழுதியிருந்தால், அந்த 9 மதிப்பெண் அவளுடைய அறிவியல் அறிவைக் காட்டும். தமிழ்வழி வகுப்புக்குத் தமிழ் அறியாத ஆசிரியர் வந்து, பாடத்தை மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தால், அதே 9 அந்த ஏற்பாட்டின் குறையைத்தான் காட்டும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லைப் பகுதிக்கு உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. பொள்ளாச்சி கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கே கடையில் தொங்கும் தமிழ் வழிகாட்டி நூல்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியவை. கேரளப் பாடநூல்களைத் தமிழில் தருவது கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம். பாடம் வேறு, வரிசை வேறு, சில இடங்களில் கலைச்சொல்லும் வேறு. ஆகையால் வகுப்பறையும் பாடப்புத்தகமும் தவறினால் தமிழ்வழி மாணவருக்கு வெளியில் கிடைக்கும் துணை மிகக் குறைவு.

சட்டம் என்ன தருகிறது?

1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோதே, எல்லையோரங்களில் சிறுபான்மையாக நிற்கப்போகும் மக்களை எண்ணி அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. அதற்கு முன்பே, 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவை வகுத்தது: ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளி முழுவதிலும் 40 பேர் இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்ற வரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதலாம். தமிழ்வழிக்கெனத் தனி ஆசிரியர் பணியிடங்களைக் கேரளப் பொதுப்பணித் தேர்வாணையம் அறிவிக்கிறது. வழி இருக்கிறது, அது ஒவ்வொரு பள்ளியிலும் நடைமுறைக்கு வருகிறதா என்று பார்ப்பதே நம் வேலை.

பிற இடங்களில்

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 சீனப் பிள்ளைகளுக்கு மொழி உதவி கிடைக்கவில்லை என்று வழக்கு நடந்தது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பது மட்டும் சமத்துவம் ஆகாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கலிபோர்னியா மாநிலத்திலேயே 1998-இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் இருமொழிக் கல்வி பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டு, 2016-இல் இன்னொரு வாக்கெடுப்பால் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இவ்வுரிமை ஒரு முறை கிடைத்துவிட்டால் என்றும் நிலைக்கும் என்று இருந்துவிட முடியாது.

அருகிலேயே ஒரு பாடம் உண்டு. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம் ஆனது. அங்குள்ள மலையாளம், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் விலக்குக் கோரி நீதிமன்றம் வரை சென்றனர். 2017-இல் கேரளம் மலையாளத்தைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கியபோது காசர்கோட்டுக் கன்னடர்கள் போராடினார்கள். நமக்கு இங்கே கேட்கும் நியாயத்தை அங்கே உள்ளவர்களுக்கும் கேட்டால்தான் நம் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மூன்றைக் கேளுங்கள்: எல்லாப் பாடத்துக்கும் தமிழ்ப் புத்தகம் வந்ததா? தமிழ் அறிந்த ஆசிரியர் இருக்கிறாரா? பருவத் தேர்வு வினாத்தாள் தமிழில் வருமா? குறை இருந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

இரண்டாவதாக, பிள்ளை பின்தங்கினால் கூடுதல் வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்று பாருங்கள். முதலில் புரியாத மொழியிலேயே மறுபடியும் சொல்லிக் கொடுத்தால் பயன் இல்லை.

மூன்றாவதாக, மலையாளத்தை ஒதுக்காதீர்கள். கேரளத்தில் வேலை, அலுவலகம், நட்பு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பிளஸ் ஒன் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சார்ந்தது என்பதால் ஒன்பதாம் வகுப்பு முதலே ஆங்கிலக் கலைச்சொற்களையும் பழக்க வேண்டும். தாய்மொழியில் பாடம் தெளிவாகப் புரிந்த பிள்ளைக்கு இவ்விரு மொழிகளும் பாரமாக இருப்பதில்லை.

நான்காவதாக, பயத்தில் நடுவழியில் பயிற்றுமொழியை மாற்றாதீர்கள். எட்டாம் வகுப்பில் திடீரென மீடியம் மாற்றினால், பாடத்தையும் மொழியையும் ஒருசேரத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டிய நிலைக்குப் பிள்ளை தள்ளப்படும். தமிழ் படித்தவருக்கு மேலே வழியில்லை என்பதும் சரியல்ல; சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது.

குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டாம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கும் தரம் வேண்டும். 80-க்கு 24 என்று கேட்கும் அரசிடம், அந்த 24-ஐ எடுக்கத் தேவையான புத்தகத்தையும் ஆசிரியரையும் கேட்பது சலுகை ஆகாது. அதே விதியின் மறுபாதி அது. அந்தப் பாதியைக் கேட்டுப் பெறும் பொறுப்பு பெற்றோராகிய நமக்கும் நம் சங்கங்களுக்கும் உரியது.