குறிச்சொல் நூலகங்களின் மறுபயன்பாடு

குறிச்சொல் நூலகம் என்பது, ஜேஎஸ்பி பக்கங்களில் ஜாவா நிரலை நேரடியாக எழுதாமல், எச்டிஎம்எல் போன்ற குறிச்சொற்களைக் கொண்டே வேலையை முடிக்க உதவும் தொகுப்பு ஆகும். இவ்வசதி 1999இல் ஜேஎஸ்பி 1.1 பதிப்பில் அறிமுகமானது. ஒரு சட்டகத்துக்காக எழுதிய பக்கங்களை வேறொரு சட்டகத்துக்கு மாற்றும்போது, இந்நூலகங்களில் எவை உடன்வரும் என்பது முக்கியமான கேள்வியாகிறது.

அமைப்பு

ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் பின்னால் ஒரு ஜாவா வகுப்பு உண்டு. எந்தக் குறிச்சொல்லுக்கு எந்த வகுப்பு, அதன் பண்புகள் யாவை என்பதை ஒரு விவரணக் கோப்பு கூறும். பக்கத்தின் தொடக்கத்தில் நூலகத்தின் முகவரியும் முன்னொட்டும் அறிவிக்கப்படும்.

இடம்மாறுபவையும் மாறாதவையும்

2002இல் வெளியான ஜேஎஸ்டிஎல் எனும் பொது நூலகம் எந்தச் சட்டகத்தையும் சார்ந்ததன்று. ஸ்டிரட்ஸ், ஸ்பிரிங் ஆகிய இரண்டிலும் விடைகளைக் கோரிக்கைப் பொருளில் வைத்துப் பக்கத்துக்கு அனுப்புவதே வழக்கம். ஜேஎஸ்டிஎல் அங்கிருந்தே மதிப்புகளை எடுப்பதால், அதன் மடக்குக் குறிச்சொல் இரண்டிலும் மாற்றமின்றி இயங்கும்.

ஸ்டிரட்ஸ் 1இன் படிவக் குறிச்சொற்கள் அப்படியல்ல. அவை ஸ்டிரட்ஸின் மைய சர்வ்லெட் ஏற்றிவைக்கும் அமைவுத் தகவல்களைத் தேடும். அத்தகவல் இல்லாத இடத்தில் பக்கம் பிழையுடன் நின்றுவிடும். ஸ்பிரிங் 2.0இல் வந்த படிவக் குறிச்சொற்களும் இவ்வாறே ஸ்பிரிங்கின் சூழலை எதிர்பார்ப்பவை.

ஜேஎஸ்எஃப் சட்டகத்தில் சிக்கல் வேறு வகையானது. இது முதலில் உறுப்புகளை ஒரு மரமாக அமைத்து, பின்னரே பக்கத்தை வரைகிறது. ஃபேஸ்லெட்ஸ் பக்கங்களில் ஜேஎஸ்டிஎல் மடக்கு மரம் அமையும் கட்டத்திலேயே இயங்கிவிடும். ஜேஎஸ்எஃபின் சொந்த மடக்கு வரையும் கட்டத்தில் இயங்கும். இரண்டையும் கலந்து எழுதினால் எதிர்பாராத விளைவுகள் தோன்றும்.

பெயர் மாற்றம்

2020இல் வெளியான ஜகார்த்தா ஈஈ 9இல், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்கள் ஜகார்த்தா என மாறின. எனவே டாம்கேட் 9 வழங்கியில் ஓடிய பழைய நூலகம் டாம்கேட் 10இல் அப்படியே ஓடாது. மூலநிரல் கிடைக்காத நூலகங்களையும் மாற்றித்தரும் கருவி ஒன்றை டாம்கேட் திட்டம் வெளியிட்டுள்ளது.

வடிவமைப்பு முறை

புதிதாக நூலகம் எழுதுவோர், தேவையான மதிப்புகளைப் பண்புகளின் வழியாகவே பெறுவது நன்று. கணக்கீடுகளைச் சாதாரண ஜாவா வகுப்பில் வைத்து, குறிச்சொல் வகுப்பில் அதை அழைக்கும் சில வரிகளை மட்டும் எழுதினால், சட்டகம் மாறும்போது அச்சில வரிகளைத் திருத்தினால் போதும்.