மீன்தொட்டி வழியே வந்த கள்வர்கள்

வட அமெரிக்காவில் ஒரு சூதாட்ட விடுதியில், விருந்தினர் கண்டு களிப்பதற்கென்று வைத்திருந்த பெரிய மீன்தொட்டிக்கு நீரின் வெப்பத்தையும் இரையையும் சுத்தத்தையும் கவனிக்கும் கருவிகளைப் பொருத்தி, அவற்றை இன்டர்நெட்டோடு இணைத்திருந்தார்கள். அந்தத் தொட்டியின் வழியாகவே கள்வர் உட்புகுந்து, விடுதியின் தகவல்களில் பத்து ஜிகாபைட் அளவைப் பின்லாந்திலிருந்த ஒரு கணினிக்குக் கடத்தினார்கள் என்று டார்க்டிரேஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2017-இல் தெரிவித்தபோது, கேட்டவர்கள் வியந்தார்கள். ஆனால் அபாயத்தை அளக்க வேண்டியது கருவியின் விலையைக் கொண்டல்ல, அது எங்கெங்கே கை நீட்ட முடியும் என்பதைக் கொண்டுதான் என்ற உண்மையை இவ்வளவு துலாம்பரமாகக் காட்டும் சம்பவம் வேறொன்றை நான் அறியேன்.

அதற்கு முந்திய ஆண்டில் 'மிராய்' என்ற நாசகார நிரல் நிகழ்த்தியதோ உலகறிந்த விஷயம். இன்டர்நெட்டில் கண்ணுக்குத் தென்பட்ட கேமராக்கள், அவற்றின் படங்களைப் பதியும் டி.வி.ஆர் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றின் கதவுகளைத் தட்டி, தொழிற்சாலையிலேயே இட்டு அனுப்பிய பெயர்களும் கடவுச்சொற்களுமாகச் சுமார் அறுபது ஜோடிகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர அது வேறு வித்தை எதுவும் அறியாது. அந்த அற்ப வித்தையாலேயே லட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்தி, 2016 அக்டோபர் 21 அன்று தளங்களின் முகவரியைத் தேடித் தரும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சேவையை அது தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமற் போயின. கருவிகளின் சொந்தக்காரர்களில் அநேகர் எதையும் உணரவில்லை. கேமரா வழக்கம்போலப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அணைத்துப் போட்டால் நிரல் அழிந்துவிடும் என்பது மெய்யே. ஆயினும் பழைய கடவுச்சொல்லோடு மீண்டும் இணைத்த கருவியைச் சில நிமிஷங்களிலேயே அது திரும்பப் பற்றிக்கொண்டது. சில கருவிகளிலோ, அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவதற்கு வழியே வைக்காமல் விற்றிருந்தார்கள். இதை நான் மன்னிக்க முடியாத அநியாயமாகவே கருதுகிறேன்.

ஆகையால் ஒரு வியாபார ஸ்தலத்தில் அபாயத்தை மதிப்பிடப் புகுகிறவர் முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளை வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது இருக்கும் இடத்தையும் பொறுப்பாளரையும் குறித்துக்கொண்டு போகையில், யாருக்கும் விளங்காத ஒரு பெயர் குறுக்கிடும். தேடிப் போனால், மாடிப்படிக்கு அடியில், காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், தூசு படிந்த டி.வி.ஆர் பெட்டி ஒன்று பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருக்கும். புரட்டிப் பார்த்தால் அடிச்சீட்டில் 'அட்மின்' என்ற பெயரும், கடவுச்சொல்லாக அதே 'அட்மின்'னும் அச்சிட்டிருக்கும். அந்தப் பெட்டியும் கணக்குப்பிள்ளையின் கணினியும் ஒரே வலையில் இருக்கின்றனவா என்பதே அடுத்த கேள்வி. இருந்தால், கேமராக்களுக்கும் பிரிண்டருக்கும் தனி வலை வகுத்து, அங்கிருந்து கணக்கு வழக்குகளின் பக்கம் எதுவும் எட்டாதபடி செய்துவிட வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வலை போடத் தெரிந்தவரின் அரைநாள் வேலை போதும்.

தயாரித்தவர் இன்னமும் மென்பொருள் திருத்தங்களை அனுப்புகிறாரா என்று விசாரிப்பதும் அவசியம். நின்றுபோயிருந்தால், எவ்வளவு நன்றாக உழைத்தாலும் அக்கருவியை வலையிலிருந்து விலக்கிவிடுவதே உசிதம். எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல்லை இட்டு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தினால் தடுத்திருக்கிறது. அச்சட்டம் இனி விற்கும் சரக்குக்கு. மாடிப்படிக்கு அடியில் ஏற்கெனவே விளக்கு மினுக்கும் பெட்டியை நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.