இனம்: எல்லையை வரைவது யார்?

நான் வசிக்கும் யாங்கோன் நகரின் லத்தாவில், அரசு அடையாள அட்டையில் 'இனம்' என்றொரு பதிவு உண்டு. இலங்கைத் தமிழ் உயிரியல் பாடநூல்களும் 'ஸ்பீசிஸ்' என்பதற்கு இதே சொல்லையே வழங்குகின்றன. தமிழ்நாட்டில் அது 'சிற்றினம்'. ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால், மனித இனங்களுக்கும் இயற்கை வகுத்த எல்லை உண்டு, மரபணுவில் அதைக் காட்டிவிடலாம் என்ற எண்ணம் நம் விவாதங்களில் எளிதாகப் புகுந்துவிடுகிறது. பூச்சிகளிடத்தே கூட விடயம் அவ்வளவு எளிதல்ல.

அசுவினியைத் தின்று பயிரைக் காக்கும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியை எடுத்துக்கொள்வோம். 1836இல் ஸ்டீபன்ஸ் 'கார்னியா' எனப் பெயரிட்ட இது, ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா எங்கும் பரவிய ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ஹென்றி அதன் 'பாட்டை' ஆராய்ந்தார். பூச்சி தன் வயிற்றை அதிரவைக்கிறது; நம் காதுக்கு எட்டாத அவ்வதிர்வு இலை, தண்டு வழியே செல்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே பாட்டை மாறிமாறிப் பாடிய பின்பே சேர்கின்றன. பாட்டு பொருந்தாவிடில் இணைவது அரிது. இவ்வளவுகோலால், ஒன்றெனக் கருதப்பட்டது இருபதுக்கு மேற்பட்ட இனங்களாயிற்று.

மரபணு இதை அப்படியே உறுதிசெய்யவில்லை. வெவ்வேறு பாட்டுடையவை ஒரே இழைமணி டி.என்.ஏ. வரிசைகளைப் பகிர்ந்துகொள்வது தெரியவந்தது. அவை அண்மையில், விரைவாகப் பிரிந்தவை என்பதே விளக்கம். ஆய்வுகூடத்தில் சில இனங்களைக் கலந்தபோது பிறந்த சந்ததிகளும் இனப்பெருக்கம் செய்யவல்லவையாக இருந்தன. ஆக, இவை கலக்க முடியாதவையல்ல, தாமாகக் கலக்காதவை.

மறுபுறம், இந்தியப் பூச்சிக்கும் தொலைதூரத் தென்னாப்பிரிக்கப் பூச்சிக்கும் பாட்டு ஒன்றே. இந்திய வயல்களில் 'கார்னியா' என்று வழங்கிவந்தது, 2010இல் தென்னாப்பிரிக்க 'ஸாஸ்ட்ரோவி' இனத்தின் 'சில்லெமி' என்னும் துணையினமாக வகைப்படுத்தப்பட்டது. இது வெறும் பெயர்ச்சண்டையல்ல. ஐரோப்பியப் பூச்சியைப்பற்றிய ஆய்வு முடிவுகளை நம் வயலுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதே இதன் பொருள்.

மனிதரோ உயிரியல்படி ஒரே இனம். பூச்சியிலிருந்து அரசியல் கற்க நான் சொல்லவில்லை. வேறுபாட்டைக் கவனிக்கவே சொல்கிறேன். பூச்சிகளின் எல்லையை அவற்றின் தேர்வே இடுகிறது. பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, 1823க்கு முன் குடியமர்ந்த இனங்களுக்கே இனத்தின்பேரில் குடியுரிமை என்கிறது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் முதல் ஆங்கில-பர்மிய யுத்தம் தொடங்கியது. அந்த ஆண்டெல்லை எவருடைய மரபணுவிலும் இல்லை, அரசு வரைந்தது. எனவே இனம் என்ற சொல் வருமிடமெல்லாம் கேட்கவேண்டியது: அளவுகோல் எது, அதைத் தேர்ந்தவர் யார்?