கார் ஏசி திடீரென்று நின்றுவிட்டதா? உடனே கேஸ் நிரப்ப ஓடாதீர்கள்!

மே மாத ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நீண்ட வரிசை. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஏசியிலிருந்து சூடான காற்று வர ஆரம்பித்தது. ``என்னப்பா, அனல் அடிக்குது?'' என்றார் பின்சீட்டில் இருந்த அம்மா. அவருக்கு 74 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். பக்கத்தில் 3 வயதுப் பேத்தி வேறு.

விழுப்புரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். அங்கிருந்தவர் எதையும் பெரிதாகச் சோதிக்கவில்லை. ``கேஸ் போயிடுச்சு சார்'' என்றார். 2,000 ரூபாய் கொடுத்து நிரப்பிக்கொண்டோம். நெடுஞ்சாலையில் ஜில்லென்றுதான் இருந்தது. திருச்சிக்குள் நுழைந்து சிக்னலில் நின்றதும் மறுபடியும் அனல்!

மறுநாள் வந்த ஏசி மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை. அதன் ரிலே எரிந்துபோயிருந்தது.

ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றுவது கண்டென்சர். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிரவைத்துவிடும். நின்றுவிட்டால் ஃபேன்தான் கதி. ஃபேன் ஓடாவிட்டால் கேஸின் அழுத்தம் எகிறி, கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும். ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மீதுதான் வர வேண்டும். பல கார்களில் இன்ஜினைக் குளிரவைப்பதும் இதே ஃபேன்தான் என்பதால், ஏசி நின்றதுமே டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. முள் ஏறியிருந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

முள் சரியாக இருக்கிறதா? அடுத்ததாக, காற்று வருகிறதா என்று கவனியுங்கள். காற்றே வரவில்லை என்றால் ப்ளோயர் கோளாறு. ஃப்யூஸ் போயிருக்கலாம். எந்த ஃப்யூஸ் எதற்கு என்று ஃப்யூஸ் பாக்ஸ் மூடியிலோ கார் கையேட்டிலோ படம் இருக்கும். அதே ஆம்பியர் ஃப்யூஸைத்தான் மாற்ற வேண்டும். அதுவும் உடனே போய்விட்டால் வயரிங்கில் பிரச்னை. பெரிய ஃப்யூஸைச் சொருகி `சமாளிக்க' நினைத்தால் வண்டியே தீப்பிடிக்கலாம்.

இன்னொரு வகை, இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு காற்று மெள்ள மெள்ளக் குறைந்து நின்றேபோவது. உள்ளே ஐஸ் கட்டியிருக்கும். ஏசி பட்டனை மட்டும் அணைத்து, ஃபேனை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டால் உருகிவிடும். அழுக்கடைந்த கேபின் ஃபில்ட்டரும் இதற்குக் காரணமாக இருக்கலாம். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும், நாமே கழற்றிப் பார்க்கலாம்.

காற்று நன்றாக வந்தும் குளிர்ச்சி இல்லையென்றால் கம்ப்ரஸர் பக்கம் பார்க்க வேண்டும். நிறைய கார்களில் ஏசி பட்டனை அழுத்தியதும் பானெட் பக்கமிருந்து `டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்கவில்லை என்றால் ரிலே, கிளட்ச், சென்சார் எதுவாகவும் இருக்கலாம். கேஸ் குறைந்திருந்தாலும் இதே கதைதான். இதற்கு மேல் மெக்கானிக் வேலை. ஓடும் இன்ஜினில் பெல்ட் பக்கம் கையை விட வேண்டாம்.

கேஸ் ஒன்றும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. கணிசமாகக் குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ லீக். அதை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடைக்கு முன்பே மறுபடி நிற்பீர்கள். அளவுக்கு மேல் நிரப்பினாலும் குளிராது. எங்கள் வண்டியில் அதிகமாக ஏற்றியிருந்த கேஸைத் திருச்சி மெக்கானிக் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

``கேஸ் இல்லை'' என்று யாராவது சொன்னால், முதலில் கேஜ் மாட்டி அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால், ``லீக் எங்கே?'' என்று கேளுங்கள். சோப்பு நுரை வைத்தோ, நைட்ரஜன் ஏற்றியோ சோதித்துக் காட்டுகிறவரிடம் வண்டியை விடலாம்.