தூக்கம் கேட்பது குற்றமா?

பக்கத்து வீட்டு இளம் தாய், அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குழந்தை அழுகிறதே என்று ஓடினாள். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது! நல்லவேளை, மாமியார் பார்த்துவிட்டார்.

"எங்கே இருக்கு உன் புத்தி?"

புத்தி எங்கேயும் போகவில்லை, சகோதரிகளே. தூக்கம்தான் போய்விட்டது!

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்கள், ஓரளவு மது அருந்தியவர்களைப் போலவே தடுமாறியதை 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். வாரக்கணக்கில் அரைத் தூக்கம் தூங்கும் பிள்ளை பெற்றவளின் நிலை எப்படி இருக்கும்?

பச்சைக் குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் வயிறு சின்னது. 2, 3 மணிக்கு ஒரு தரம் பாலுக்கு எழுந்துவிடும். இரவு, பகல் பிடிபட இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

அதுவரை, குழந்தை தூங்கும்போது துணி மடிக்க உட்காராதீர்கள், நீங்களும் படுங்கள். சாயங்காலக் காபி வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுக்காதீர்கள். கண் அசந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டிவிடலாம். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தட்டித் தூங்க வைப்பதெல்லாம் கணவர் செய்யட்டும். வாய்விட்டுக் கேளுங்கள்!

குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல், அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் இப்போது மாமியாரே சொல்கிறார்: "அடுப்பை நான் பார்த்துக்கறேன். நீ போய்ப் படும்மா."