வெள்ளியைத் தூளாக்கும் மின்சாரம்

கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வரும்போது நீர் கலங்கி ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்நீரைக் குடத்தில் எடுத்து வைத்தால் மணல் உடனே அடியில் தங்கிவிடும். களிமண்ணோ எளிதில் தங்காது. படிகாரத்தைச் சிறிது கலக்கினால் நீர் தெளிந்துவிடும். இதன் காரணம் என்ன?

களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்றவை. ஒரே வகை மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று விலக்கும். படிகாரத்திலுள்ள அலுமினியத்தின் நேர்மின்னூட்டம் அவ்விலக்கத்தைக் குறைக்கவே, துகள்கள் கூடிப் பெரிதாகிப் படிகின்றன. இவ்வாறு நுண்துகள்கள் மிதந்து நிற்கும் கலவையே கூழ்மம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நானோமீட்டர். கூழ்மத் துகளின் அளவு ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை.

வெள்ளியையும் இவ்வாறு நீரில் மிதக்க வைக்கலாம். 1898-ஆம் ஆண்டில் பிரெடிக் என்ற ஜெர்மானிய அறிஞர், நீருக்குள் இரு உலோகக் கம்பிகளின் முனைகளை நெருங்க வைத்து, அவற்றிடையே மின்பொறி எழச் செய்தார். உலோகம் ஆவியாகி, குளிர்ந்த நீரில் நுண்துகள்களாக உறைந்தது. கூடவே பருமனான தூளும் விழுந்ததால் வடிகட்ட வேண்டியிருந்தது.

மற்றொரு முறை மின்னாற்பகுப்பு. காய்ச்சி வடித்த நீரில் இரு வெள்ளிக் கம்பிகளை நிறுத்தி மின்கலத்துடன் இணைத்தால், நேர்மின்வாயிலிருந்து வெள்ளி அயனிகள் பிரிந்து வருகின்றன. அவற்றுள் பல அயனிகளாகவே நீரில் தங்கிவிடும். சில மின்னணுவைப் பெற்று வெள்ளித் துகள்களாகும்.

துகளின் அளவை நிர்ணயிப்பதில் மின்னோட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பள்ளி விடும் மணி அடித்ததும் நாம் வரிசையாகச் சென்றால் வாயிலில் நெரிசல் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினால் கும்பல் சேர்கிறது. வெள்ளியும் அப்படித்தான். மின்னோட்டம் மிகுந்தால் கம்பியின் அருகே வெள்ளி நெருங்கிச் சேர்ந்து பெரிய துகள்களாகிறது. மின்னோட்டம் குறைவாக இருந்து, நீரையும் கலக்கிக்கொண்டிருந்தால் துகள்கள் சிறுத்திருக்கும். நேரம் செல்லச் செல்ல அயனிகள் பெருகுவதால் நீரின் மின்கடத்தும் திறன் கூடி, மின்னோட்டம் தானே உயரும். ஆகவே அதைக் கட்டுப்படுத்த வேண்டும். கிணற்று நீர் இதற்கு உதவாது. அதிலுள்ள உப்பு வெள்ளியுடன் சேர்ந்து வெண்ணிற வெள்ளிக் குளோரைடு ஆகிவிடும். துகள்களிடையே உள்ள விலக்கத்தையும் குறைத்துவிடும்.

துகளின் அளவை நிறமும் ஓரளவு காட்டும். மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் ஊதா ஒளியை உறிஞ்சுவதால் நீர் மஞ்சளாகத் தோன்றும். துகள்கள் பெருக்கப் பெருக்க நிறம் மாறிச் சாம்பல் படரும்.

மின்சாரமும் வேதியியலும் கூடும் இத்துறைக்காகவே, வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பெற்றது. நம் மாநிலத்தில் இத்தகைய நிலையம் இருப்பது நமக்குப் பெருமை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வெள்ளி நீர் சகல நோய்க்கும் மருந்தென்று கூறி விற்பவர் உண்டு. வீட்டிலேயே செய்து பருகுவோரும் உண்டு. தொடர்ந்து பருகினால் வெள்ளி உடலில் தங்கி, தோல் நீலச் சாம்பல் நிறமாகிவிடலாம். அந்நிறம் பெரும்பாலும் மாறுவதே இல்லை. இத்தகைய மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயன் தருபவை என்றோ ஏற்க இயலாதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-இல் அறிவித்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டு வியக்க வேண்டியதை அடுக்களைக்குக் கொண்டு செல்லாதிருப்போம். வீட்டுப் பெரியோருக்கும் இதை எடுத்துச் சொல்வோம். கற்றதன் பயன் அதுவன்றோ!